பக்கத்து வீட்டுக் குழந்தை

"மூணு மணிக்கு வர்றாங்க. அதுக்குள்ள குழந்தையைக் கூட்டிக்கிட்டு உள் ரூமுக்குப் போயிடும்மா. அவங்க கிளம்புற வரைக்கும் கதவு திறக்கக் கூடாது," என்றார் மாமனார்.

சொன்னது மருமகளிடம். பார்த்தது கூடத்து நாற்காலிகளை. ஒவ்வொரு நாற்காலியையும் ஈரத் துணியால் துடைத்து, பின்னால் நகர்ந்து நின்று, வரிசை கோணலாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் சூப்பிரண்டாக இருந்தவர். அலுவலகத்திலிருந்துதான் ஓய்வு பெற்றார். சூப்பிரண்டு உத்தியோகத்தை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

"மாமா, இன்னைக்குப் புதன்கிழமை. நாலு மணிக்குக் குழந்தைக்குப் பயிற்சி வகுப்பு," என்றாள் மருமகள்.

"புதன்கிழமை வாராவாரம் வரும். நல்ல இடம் வாராவாரம் வருமா?"

"போன ரெண்டு வாரமும் பொண்ணு பார்க்க வந்தாங்கன்னு போகலை. தொடர்ந்து மூணு வாரம் போகலைன்னா இடத்தை அடுத்த குழந்தைக்குக் குடுத்துடுவாங்க. அப்புறம் நாம வரிசையில கடைசியில போய் நிக்கணும். எட்டு மாசமாவது ஆகும்."

"கல்யாணம் முடியட்டும். அப்புறம் எட்டு மாசம் என்ன, எட்டு வருஷம் போயிட்டு வா. யாரு வேண்டாம்னா?"

இந்தத் தாராள மனத்துக்குக் காரணமான குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தது. ஐந்து வயது. குண்டுமணி என்று செல்லப் பெயர். பிறக்கும்போது மூளைக்குக் கொஞ்ச நேரம் மூச்சுக்காற்று சரியாகப் போகாததால் உடம்பின் வலது பக்கம் பின்தங்கிவிட்டது. வலது கை மூடியே இருக்கும், கட்டை விரல் உள்ளே ஒளிந்திருக்கும். வலது குதிகால் தரையைத் தொடாது.

இப்போது அவளுடைய நல்ல கையான இடது கைக்கு ஒரு பழைய காலுறையை மாட்டி, முழங்கை வரை இழுத்துவிட்டிருந்தாள் அம்மா. வலது கையால் துணி கிளிப்புகளை எடுத்து ஒரு டப்பாவின் விளிம்பில் மாட்டவேண்டும். மாட்டியதைவிட விழுந்தவை அதிகம். விழுந்த ஒவ்வொன்றையும், "போக்கிரி, எங்க போற?" என்று திட்டித் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தாள்.

இது பந்து டீச்சர் கற்றுக்கொடுத்த பாடம். சிகிச்சை மையத்தில் இடுப்புயரப் பந்து ஒன்றின்மேல் குழந்தைகளை உட்காரவைத்து, விழாமல் நிமிர்ந்திருக்கப் பழக்குகிற அந்தத் தெரபிஸ்டுக்குக் குண்டுமணி வைத்த பெயர் அது. நல்ல கை சும்மா இருந்தால்தான் மற்ற கைக்கு வேலை வரும், வேலை வந்தால்தான் மூளை அந்தக் கையை நினைவில் வைத்துக்கொள்ளும் என்று டீச்சர் சொன்னாள். தினமும் இரண்டு மணி நேரம் காலுறை.

தாத்தா ஒரே ஒரு முறை அந்த மையத்துக்குப் போயிருக்கிறார். போனதும் கேட்டார்:

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"இது காய்ச்சல் இல்லைங்க ஐயா, மாத்திரை குடுத்ததும் இறங்குறதுக்கு," என்றாள் டீச்சர். "சட்டைப் பட்டன் போடக் கத்துக்குவா. டம்ளரை ரெண்டு கையாலயும் பிடிப்பா. பள்ளிக்கூடத்துல யார் தயவும் இல்லாம பாத்ரூம் போயிட்டு வருவா. அதுக்கெல்லாம் இந்த வயசுதான் நல்ல வயசு. இப்ப விட்டா பின்னால ரொம்பப் போராடணும்."

"இதுக்கு ஒரு படிப்பு, ஒரு சர்ட்டிபிகேட். கிளிப்பு மாட்டுறதுக்கு," என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. தினமும் காலையில் குளித்து, கண்ணை மூடி, பேத்தியைக் குணப்படுத்தும்படி கடவுளிடம் இருபது நிமிடம் மன்றாடுகிறவர். கடவுளும் காது கேளாதவர் அல்ல. கேட்டார், பதிலையும் அனுப்பினார். அந்தப் பதில் கையில் ஒரு வருகைப் பதிவேடும் பக்கத்தில் ஒரு பெரிய பந்துமாக வந்து நின்றது. பெரியவர் இன்னும் கொஞ்சம் பிரகாசமாக எதிர்பார்த்திருந்தார் போலிருக்கிறது. விண்ணப்பம் நிலுவையில் இருப்பதாகவே எண்ணி, தினமும் மறு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்கு இன்னொரு கொள்கையும் உண்டு. யாரிடமும் எதையும் இடது கையால் வாங்கக் கூடாது, கொடுக்கக் கூடாது. குண்டுமணி இடது கையை நீட்டினால், "அந்தக் கை வேண்டாம்," என்று கையைத் தட்டிவிடுவார். வலது கையைப் பழக்கினால், "வெட்கக்கேடு, யாராவது பார்த்துடப்போறாங்க," என்பார். ஆக, வலது கை வராது. இடது கை கூடாது. ஆண்டவன் இரண்டு கை கொடுத்து அனுப்பிய குழந்தைக்கு அந்த வீட்டில் கையே இல்லை.

"நீங்களாவது சொல்லுங்களேன்," என்று மருமகள் தன் கணவனிடம் போய் நின்றாள்.

அவன் மனைவியைப் பார்த்தான், அப்பாவைப் பார்த்தான், கடைசியில் செய்தித்தாளைப் பார்த்தான். "தங்கச்சி வாழ்க்கை. கொஞ்சம் விட்டுக்குடேன்," என்றான். விட்டுக்கொடுக்கச் சொல்வதில் அவனை மிஞ்ச ஆளில்லை. விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் மற்றவர்களுடையதாக இருக்கும்.

அந்தத் தங்கை உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வயது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. நாளெல்லாம், "இது தெரியுதா, இது தெரியுதா?" என்று ஊராரைக் கேட்கிறவள், போன இரண்டு முறையும் உள் அறைக் கதவு சாத்தப்பட்டதைப் பார்த்தும் பார்க்காமல்தான் இருந்தாள். இன்று சீப்பு பாதியில் நின்றது. ஒரு கணம் கழித்து மறுபடி வாரத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு மூன்று பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, அவர் அப்பா. தேநீர் வந்தது, பிஸ்கட் வந்தது. எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஒரு குறையும் கிடையாது, எல்லாம் கடவுள் புண்ணியம் என்று பெரியவர் ஆரம்பித்தார். குறை பத்தடி தூரத்தில், சாத்திய கதவுக்குப் பின்னால், பதினெட்டாவது கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே மருமகள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபது. மூன்று முப்பத்தைந்துக்குப் பேருந்து. அதை விட்டால் அடுத்தது ஐந்து மணிக்கு. அந்த அடுக்குமாடி வீட்டுக்குக் கொல்லைப்புறம் கிடையாது. வெளியே போக ஒரே வாசல், அது கூடத்தில் இருந்தது. வீட்டைக் கட்டினவன் இப்படி ஒரு தேவை வரும் என்று யோசிக்கவில்லை.

அவள் கடவுளிடம் இருபது நிமிடம் மன்றாடவில்லை. அவ்வளவு நேரமும் இல்லை. "கூடவே வாப்பா," என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, குழந்தையின் வலது காலில் பாதத்தை நேராகப் பிடிக்கும் பிளாஸ்டிக் பட்டையையும் அதன்மேல் ஷூவையும் மாட்டினாள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள்.

"இது யாரு?" என்று மாப்பிள்ளையின் அம்மா விசாரித்தார். சும்மா கேட்டதுதான்.

பெரியவர் முப்பத்து மூன்று ஆண்டு அனுபவசாலி. எந்தக் கேள்விக்கும் பதில் எழுதத் தெரிந்தவர்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு. குழந்தையைக் கூட்டிக்கிட்டு சும்மா வந்திருந்துச்சு. இப்பக் கிளம்புது."

ஏழு வருடமாக அந்த வீட்டில் சமைத்து, துவைத்து, அவருடைய ரத்த அழுத்த மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவள் ஒரே வாக்கியத்தில் பக்கத்து வீட்டுக்குக் குடிபெயர்ந்தாள். அவளுடைய கணவன் தன் கால் பெருவிரலைப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரியை உற்றுப் பார்ப்பது பண்பாகாது அல்லவா.

மருமகளின் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு அவளுக்கு ஒன்று புரிந்தது. வீட்டு மருமகளைத்தான் போகாதே என்று தடுக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரி கிளம்பினால் வழிவிட வேண்டும்.

"ஆமாங்க, கிளம்புறேன்," என்றாள்.

குண்டுமணி கூடத்தைக் கடந்தாள். வலது கால் வெளிப்புறமாக ஓர் அரை வட்டம் போட்டு முன்னே வந்தது. எல்லோரும் அந்தக் காலைப் பார்த்தார்கள். பார்க்காதது போலவும் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா தட்டிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். "இந்தாடி கண்ணு."

காலுறை மாட்டிய இடது கை பழக்கத்தில் எழுந்தது.

"வலது கையில வாங்கணும்," என்றார் பெரியவர். தன் வீட்டில் யார் எதை வாங்கினாலும் அந்தக் கட்டளை அவரையறியாமல் வந்துவிடும்.

குழந்தை இடது கையை இறக்கியது. வலது கை மெல்ல மேலே வந்தது. பாதி வழியில் நின்று நடுங்கியது. மூடிய விரல்களில் முதலில் சுண்டுவிரல் விட்டுக்கொடுத்தது, பிறகு மற்றவை, கடைசியில் உள்ளே ஒளிந்திருந்த கட்டை விரல். யாரும் தேநீர் குடிக்கவில்லை. குழந்தை நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு பிஸ்கட்டைப் பிடித்தது. ஓரம் கொஞ்சம் உதிர்ந்தது. மீதி கையில் நின்றது. இதற்கு இரண்டு வருடப் புதன்கிழமைகள் ஆகியிருந்தன.

பெரியவரின் மார்பு நிமிர்ந்தது.

"பார்த்தீங்களா, வலது கை. எங்க வீட்டு வளர்ப்பு அப்படி," என்றார்.

"பக்கத்து வீடுன்னீங்க?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"பக்கத்து வீடுதான். இங்கேயே வளர்ற மாதிரி. எதையும் பார்த்துப் பார்த்துக் கத்துக்குது," என்று பெரியவர் அந்தத் திருத்தத்தையும் அங்கேயே போட்டுவிட்டார்.

"டாட்டா தாத்தா," என்றாள் குண்டுமணி. வயதானவர்களையெல்லாம் குழந்தைகள் தாத்தா என்றுதான் கூப்பிடும், பெரியவர் பிழைத்தார்.

வாசலைத் தாண்டிப் படிக்கட்டுக்கு வந்ததும் குழந்தை கேட்டது: "அம்மா, நாம பக்கத்து வீடா?"

அம்மா குனிந்து தூக்கப் போனாள். இரண்டு மாடி, முப்பத்தாறு படி. தூக்கிக்கொண்டு ஓடினால்தான் பேருந்தைப் பிடிக்க முடியும்.

"வேண்டாம். நானே." குழந்தை பிஸ்கட்டின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியை வலது கையால் பற்றப் பார்த்தது. இறங்கும்போது கம்பி வலது பக்கம்தான் வரும். அந்தக் கைக்கு அது இன்னும் வசப்படாத வேலை.

"பஸ் போயிடும்டி செல்லம்."

"டீச்சர் நானே இறங்கணும்னு சொன்னாங்க."

அப்போது மேலே கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. அத்தை வந்தாள். விருந்தாளிகளுக்காக உடுத்திய புதுத்துணி, தலையில் பூப்போட்ட கிளிப்பு, காலில் வீட்டுச் செருப்பு.

"நீ எதுக்கு வந்தே? அவங்க உக்காந்திருக்காங்க," என்றாள் அண்ணி.

"உக்காந்திருக்கட்டும், அண்ணி. நாற்காலியெல்லாம் அப்பா நல்லாத் துடைச்சு வச்சிருக்காரு." அவள் சிரிக்கவில்லை. "போன தடவையே வந்திருக்கணும். அதுக்கு முந்தின தடவையும்."

அண்ணி மறுபடியும் குழந்தையைத் தூக்கக் குனிந்தாள்.

"அவளைத் தூக்காதீங்க. மெதுவா இறங்கட்டும். பஸ்ஸை நான் பார்த்துக்கிறேன்," என்று சொல்லிவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கி மறைந்தாள்.

மேலே கூடத்தில், பெண் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க, பக்கத்து வீட்டாரை வழியனுப்பப் போயிருக்கிறாள், அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இரக்க குணம் ஜாஸ்தி என்று பெரியவர் விளக்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டார் என்ற ஒன்றைத் தவிர அதில் எல்லாம் உண்மைதான்.

படிக்கட்டில் வலது கால் முதலில் இறங்கியது. பிறகு இடது கால் அதன் பக்கத்தில் வந்து சேர்ந்தது. மறுபடி வலது கால். அம்மா ஒரு படி கீழே பின்பக்கமாக இறங்கிக்கொண்டே, கையை நீட்டி, ஆனால் தொடாமல் வந்தாள். தொடாமல் இருப்பதுதான் இருப்பதிலேயே கடினமான பயிற்சி என்று டீச்சர் தாய்மார்களுக்குச் சொல்வது வழக்கம்.

தெருவில் பேருந்து வந்து நின்றது. ஏறவேண்டிய நான்கைந்து பேர் ஏறினார்கள். கடைசியாக ஓர் இளம்பெண் ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். கல்யாண வீட்டுக்குப் போகிறவள் போல உடுத்தியிருந்தாள். செருப்பு மட்டும் பொருந்தவில்லை.

"ஏறும்மா," என்றார் கண்டக்டர்.

"ஆள் வரணும்."

"யாரு? எங்க?"

"அந்த வீட்டு மாடியிலேர்ந்து. இறங்கி வந்துக்கிட்டிருக்கா."

"ஓடி வரச் சொல்லும்மா. பஸ்ஸை உனக்காகவா விட்டிருக்காங்க?"

"ஓட வராது. நடந்து வருவா."

உள்ளே யாரோ, "இப்படி நின்னா எப்ப போய்ச் சேர்றது?" என்று முனகினார். டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தார். அந்தப் பெண் படியிலிருந்த காலை எடுக்கவில்லை.

"யாரும்மா வர்றது, உன் குழந்தையா?" என்று கேட்டார் கண்டக்டர்.

அவள் தன் வீட்டு ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. பேருந்துக்குள் இருந்தவர்களுக்கும் தெருவில் போனவர்களுக்கும் மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"எங்க அண்ணன் பொண்ணு. எங்க வீட்டுக் குழந்தை. வலது கை, வலது கால் கொஞ்சம் மெதுவா வரும்."

கண்டக்டர் விசில் வைத்திருந்த கையைக் கீழே இறக்கினார்.

"எத்தனை படி?"

"முப்பத்தாறு."

"சரி, வரட்டும்," என்று அவர் முன்வரிசைக்குப் போய், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரை எழுப்பத் தொடங்கினார்.