ஒற்றை ஆணிக்கு இரண்டு குதிரைகள்

எங்கள் கடைச் சுவரில் ஒரே ஓர் ஆணிக்குத்தான் இடம். மீதியெல்லாம் விலைப்பட்டியல், உரிமச் சான்றிதழ், ஓயாமல் முனகும் மின்விசிறி. அந்த ஆணியில் பதினெட்டு வருடமாக ஊதல்காற்றின் படம் தொங்கியது. ஆயிரத்து இருநூறு மீட்டர் பந்தயத்தில் தொடர்ந்து பதினான்கு முறை ஜெயித்த குதிரை அது. படத்தில் அதன் தலைக்கயிற்றைப் பிடித்தபடி, கேமராவைப் பார்க்காமல் குதிரையின் முன்னங்காலையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஒல்லியான ஆள் பாங் சியு ஹொங். அந்தக் குதிரைக்கு லாயக்காரர்.

ஃபோ டானில் என் கஞ்சிக்கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஷா டின் பந்தயத் திடலின் லாயங்களில் வேலை செய்கிறவர்கள், மீதிப் பேர் அந்தக் குதிரைகள்மேல் பணம் கட்டுகிறவர்கள். பாங் முதல் வகை, ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. லாயத்து ஆட்கள் பந்தயம் கட்டக்கூடாது என்பது சட்டம். ஓய்வுக்குப் பிறகு கட்டலாம்தான், ஆனால் கை பழகவில்லை என்று சொல்லிவிடுவார். கல்யாணமும் இல்லை. ஊதல்காற்றை வயதானதும் கடல் கடந்து ஏதோ பண்ணைக்கு அனுப்பினார்கள், அது செத்ததை அவர் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். அன்றைக்கும் என் கடைக்கு வந்து வழக்கம்போலக் கஞ்சி குடித்தார்.

மோக் கம் தோங் இரண்டாவது வகை. மினிபஸ் ஓட்டுகிறவர். வாயும் அதே வேகம். அவருடைய தெய்வம் கூடை நிறைய என்கிற குதிரை. பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எங்கள் ஊரில் குதிரைக்குப் பெயர் அப்படித்தான் வைப்பார்கள். கூடை நிறையவும் அதே தூரத்தில் தொடர்ந்து பதினான்கு ஜெயித்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் மோக் பத்து டாலருக்கு ஒரு சீட்டு வாங்கி, ஜெயித்த பணத்தை வாங்காமல், சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தினார். பெரிய குதிரை ஓடும்போது ஊரே அப்படித்தான் செய்யும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்டவாம்.

ஆக, ஒரே மேஜையில் தினமும் இந்த இரண்டு பேர். கூடை ஓடிய நேரத்தை மோக் சொல்லுவார். ஊதல்காற்று ஓடிய நாளில் தரை ஈரமாக இருந்ததைப் பாங் சொல்லுவார். கூடை சுமந்த எடையை மோக் சொல்லுவார். கூடையோடு ஓடினவையெல்லாம் வண்டிக்குதிரைகள் என்பார் பாங். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் ஒருவர் வராத நாளில் இன்னொருவர் டீயை ஆறவிட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார், அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பதினைந்தாவது பந்தயம் ஞாயிற்றுக்கிழமை என்று அறிவித்த அன்று மோக் சவால் விட்டார்.

"என் கூடை ஜெயிச்சா அந்த ஆணியில அவன் படம்தான். உங்க கிழவனைக் கழட்டி அக்காகிட்ட குடுத்துடணும். சம்மதமா அண்ணே?"

பாங் கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்தார். கூடை தோற்றால் இந்த மேஜையில் அதன் பெயரையே மோக் எடுக்கக்கூடாது, ஒரு வருடத்துக்கு, என்றார். மோக் சம்மதித்தார். என்னை யாரும் கேட்கவில்லை. சுவர் என்னுடையது.

அந்த வாரம் பாங் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் படம் போய்விட்டால் அவர் யாரோ ஒரு ஓய்வு பெற்ற கிழவர், அவ்வளவுதான். இங்கே புதிதாக வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்து, நீங்களா என்று கேட்பார்கள். அவர் ஆமாம் என்றுகூடச் சொல்லமாட்டார், நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுப்பார். அதற்காகவே கூடை தோற்க வேண்டும் என்று நான் நினைத்தேன். வெளியே சொல்லவில்லை, மோக்கும் என் வாடிக்கையாளர்தானே.

ஞாயிறு மதியம் கடையைச் சாத்திவிட்டு மூன்று பேரும் ரயிலேறினோம். பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடத்தில் கம்பியை ஒட்டி நின்றோம். எங்கள் கடை ஆட்கள் பலர் பாங்கைப் பார்த்துச் சுற்றி வந்துவிட்டார்கள். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை விழுந்தால் ஓடிப்போய்ப் பணம் கட்டுவார்கள், அந்தக் கண்ணுக்கு அவ்வளவு மதிப்பு.

கூடை நிறைய மூன்று சுற்று நடந்தது. பாங் குதிரையின் முகத்தைப் பார்க்கவேயில்லை, கால் தரையில் படும் இடத்தையே பார்த்தார்.

"எப்படிண்ணே இருக்கான்?" என்றார் மோக்.

"என் பையன் ஒரு நாளும் இப்படி நடந்ததில்ல."

மோக்கின் முகம் வெளுத்தது. "ஏன், நொண்டுதா?"

"நொண்டலய்யா. முன்னங்கால் வச்ச இடத்தைத் தாண்டிப் பின்னங்கால் விழுது பாரு. ஒரு சாண் தாண்டுது. என் பையன் நல்லா இருந்த அன்னிக்கு நாலு விரல் தாண்டுவான்." பிறகு குரலைத் தாழ்த்தாமல், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். "இவன் பெரியவன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஊருக்கே கேட்கும்படி சொல்ல யார் கேட்டார்கள் இவரை? வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் என்ன? மோக்கோ கும்மாளம் போடாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாங் எங்களை விட்டுவிட்டு எங்கேயோ போய், பந்தயம் தொடங்கும் நேரத்துக்குத்தான் திரும்பி வந்தார்.

பன்னிரண்டு குதிரைகள். தொடங்கும் இடத்தில் கூடைக்குக் கிடைத்தது உட்கம்பியை ஒட்டிய முதல் கதவு. அதுதான் வினையாகிவிட்டது. முன்னால் போன குதிரை தளர்ந்தது, பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டது, கூடை நடுவில் மாட்டிக்கொண்டது. ஜாக்கி எழுந்து உட்கார்ந்து கடிவாளத்தை இழுத்துப் பிடித்தது எங்களுக்கே தெரிந்தது. கடைசி இருநூறு மீட்டரில்தான் வழி கிடைத்தது. அதற்கப்புறம் அது ஓடினதை ஓட்டம் என்று சொல்வதா எனக்குத் தெரியவில்லை, மற்ற குதிரைகள் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் போதவில்லை. மாமாவின் குடை என்று யாரும் சீந்தாத ஒரு குதிரை மூக்கு நீள வித்தியாசத்தில் ஜெயித்தது.

எங்கள் ஆட்கள் பாங்கின் முதுகில் தட்டினார்கள். பதினான்கோடு நின்றது, படம் தப்பித்தது. நானும் தட்டினேன், சந்தோஷத்தில் கொஞ்சம் பலமாகவே. அவர் யாரையும் திரும்பிப் பார்க்காமல், திரும்பி வருகிற கூடையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே வந்தார்கள். பத்திரிகையில் ஒவ்வொரு குதிரையும் ஓடிய நேரம் துண்டு துண்டாகப் போட்டிருந்தது. கடைசி நானூறு மீட்டரைக் கூடை ஓடியது இருபத்தொன்று புள்ளி ஆறு நொடியில், வேறு எந்தக் குதிரையும் அதன் பக்கத்தில் வரவில்லை, அதுவும் பாதி வழி அடைபட்டு. மோக் அதைப் படித்தார், ஆனால் வாக்குக் கொடுத்தவர் ஆயிற்றே, வாயைத் திறக்கவில்லை.

பாங் நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினார். ஊதல்காற்றைக் கழற்றி முழங்கையால் கண்ணாடியைத் துடைத்து என் கையில் கொடுத்தார். படச்சட்டம் இருந்த இடம் மட்டும் சுவரில் வெள்ளையாக இருந்தது, சுற்றிலும் பதினெட்டு வருடப் புகை.

"இறங்குங்கண்ணே," என்றார் மோக். "நீங்கதான் ஜெயிச்சீங்க. பதினாலுன்னா பதினாலுதான். பிச்சை போடுறீங்களா எனக்கு?"

பாங் சட்டைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து, அதன் நடுவில் ஆணி ஏறும்படி சுவரில் குத்தினார். பத்து டாலர். கூடை நிறைய, ஜெயிப்பதற்கு. நேற்று அவர் காணாமல் போனது இதற்குத்தான். அறுபத்து மூன்று வயதில் வாங்கிய முதல் சீட்டு.

"தோத்த சீட்டை எவனாவது மாட்டுவானா?" மோக்கின் குரல் உடைந்திருந்தது.

"தோத்தது சீட்டுதான்யா. நான் கண்ணால பாத்துட்டேன். பாத்ததைப் பாக்கலன்னு சொல்ல எனக்கு வராது."

நான் கஞ்சிக் கரண்டியை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுகிறேன் என்று அவர்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

சண்டை நிற்கவில்லை. இப்போது மோக்தான் ஈரத் தரையைச் சொல்லி ஊதல்காற்றுக்காக வாதாடுகிறார், கூடையின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் "அவன்" என்கிறார். பாங் மேஜையைத் தட்டித் தட்டிக் கூடைக்காகப் பேசுகிறார். படம் என் கல்லாப்பெட்டிக்குள் இருக்கிறது. திரும்ப மாட்டட்டுமா என்று இரண்டு தடவை கேட்டேன், பாங் வேண்டாம் என்றுவிட்டார்.

புதிதாக வருகிறவர்கள் சுவரில் வெள்ளைச் சதுரத்தின் நடுவே தொங்குகிற சீட்டைப் பார்த்துவிட்டு, எவ்வளவு ஜெயித்தது என்று கேட்கிறார்கள். நான் பாங்கைக் கைகாட்டுகிறேன். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் கொடுக்கிறார்.