வாசக்காரிக்குச் சிவப்பு ரிப்பன்

என் வீட்டுக்காரருக்கு எடுப்பான மூக்கு. அதைப் பார்த்துத்தான் நான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன் என்று ஆபீஸில் எல்லோரும் கேலி பண்ணுவார்கள். அன்றைக்கு அந்த மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி ஒவ்வொரு புதருக்கும் என்னையே கூப்பிட்டார்.

"நீயே மோந்து பாரேன்."

"ஏங்க, உங்க மூக்கு என்ன அழகுக்கா?"

"உன்னோடது ராசியான மூக்கு" என்றார். ஐஸ் வைப்பதில் மனுஷனை அடிச்சுக்க ஆளில்லை.

எங்கள் வேலை இதுதான். சாலையை அகலமாக்க, மறுநாள் காலை வேலியோரப் புதர்களை மெஷின் வந்து வழித்துவிடும். அந்த வேலியில் இரண்டு வகைக் காட்டு ரோஜா, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே சாயல். ஒன்று எங்கேயும் கிடைக்கும். அதற்கு நாங்கள் வைத்த பேர் சாதா. இன்னொன்று அரிது. இலையைக் கசக்கினால் ஆப்பிள் வாசம் வரும், அதனால் அவள் வாசக்காரி. வாசக்காரிக்கு ரிப்பன் கட்டினால் வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடுவார்கள். அங்கே வெட்டியிருந்த குழிகளோ கொஞ்சம்தான். சாதாவுக்கு ஒரு ரிப்பன் போனால் ஒரு வாசக்காரிக்கு இடம் போச்சு.

எனக்குச் சந்தேகம் தட்டியது. வழியோரக் களை ஒன்றைப் பிய்த்து, உருட்டி, அவர் மூக்கடியில் நீட்டினேன்.

கண்ணை மூடி நன்றாக இழுத்தார். "அடடா, ஆப்பிளேதான்."

"அது வெறும் களைங்க."

அவர் முகம் விழுந்துவிட்டது. சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் எதுவுமே தெரியல" என்றார். "மூக்கு போயிடுச்சுன்னு தெரிஞ்சா சார் என்னை ஆபீஸ்ல ஃபைல் கட்ட உக்கார வெச்சிடுவாரு. நாலு சுவத்துக்குள்ள நான் செத்துடுவேன்."

அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு அவர் பாலைத் தீய விட்டதற்கு ஒரு வாரம் அவரைக் கரித்துக்கொட்டினேனே, அது ஞாபகம் வந்தது. என் மேலேயே எனக்கு எரிச்சல். அதைக் காட்டிக்கொள்வேனா?

"விடுங்க. நம்ம ரெண்டு பேருக்கும் என் மூக்கு ஒண்ணு போதும்."

அதற்கப்புறம் என் ராஜ்ஜியம்தான். கசக்கினேன், மோந்தேன், கட்டினேன். வரிசையாக எல்லாம் வாசக்காரி. ரிப்பன் சுருள் இளைத்துக்கொண்டே வந்தது. அவரோ பின்னாலேயே வந்து முணுமுணுத்தார்.

"இது சாதாம்மா."

"மூக்கில்லாதவர் பேச வந்துட்டார்."

"காயோட காம்பைத் தொட்டுப் பாரு. வழவழன்னு இருக்கு. வாசக்காரின்னா பிசுபிசுன்னு விரல்ல ஒட்டும். முள்ளைப் பாரு, எல்லாம் ஒரே அளவு. அவளுக்குப் பெரிசும் சிறிசும் கலந்து கெடக்கும். காய் உச்சியில பச்சை இதழ் வேற உதிர்ந்து போச்சு. அவளுக்குப் பழுத்தும் உதிராது."

"வாசம் வருதேங்க!"

"எதையும் தொடாம உன் கையை மோந்து பாரு."

மோந்தேன். ஆப்பிள். காலையில் கசக்கிய முதல் வாசக்காரி என் விரலிலேயே குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள். அவளை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள சாதாக்களுக்கெல்லாம் பட்டம் கட்டியிருக்கிறேன். என் ஜம்பம் அத்தனையும் புஸ்ஸென்று போயிற்று.

அவர் தொட்டுத் தொட்டுச் சொல்ல, சாதாக்களின் ரிப்பன்களை மட்டும் விழுந்தடித்துக்கொண்டு அவிழ்த்தோம். கடைசி முடிச்சு அவிழும்போது சார் பைக்கில் வந்து இறங்கினார். ரிப்பன் கட்டிய புதர்களில் இலையைக் கசக்கிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்து ரிப்பனில்லாத ஒன்றைக் கசக்கினார்.

"இதை ஏன் விட்டீங்க? ஆப்பிள் வாசம் தூக்குதே."

"சாதா சார்" என்றார் இவர். "வாசம் உங்க விரல்ல இருக்கு."

சார் கையை மோந்தார். இன்னொரு தரம் மோந்தார். அப்புறம் இவரை ஏறிட்டுப் பார்த்தார். "என்னையே ஏமாத்திடுச்சு. நீங்க மட்டும் எப்படி ஏமாறல?"

வாயைத் திறக்காதீங்க, நான் சமாளிக்கிறேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"எனக்கு எந்த வாசமும் வராது சார். காய்ச்சலோட போயிடுச்சு. கண்ணும் கையும்தான்."

சார் தன் விரலைக் கைக்குட்டையால் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் மோந்தார். "இன்னும் போகலையே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்புறம் இவரிடம், "அந்தப் பக்கத்து வேலியில நேத்து நானே கட்டினேன். போய் ஒருதரம் பாத்துடுங்க. எத்தனை சாதாவுக்குக் கட்டியிருக்கேனோ" என்றார்.

சார் போனதும் நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன், கையைக் கழுவலாம் என்று. இவர் என் கையைப் பிடித்து விரலை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றும் வரவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எப்படி இருக்கு? சொல்லேன்."

வாயாடி என்று பேரெடுத்தவள் நான். எனக்கு அழுகைதான் வந்தது.

"சரி விடு" என்றார். "வீட்ல பால் தீஞ்சா மட்டும் சொல்லு."