நேற்று அப்பா கழுவிய சைக்கிள்

ஊருக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறினால்தான் செல்போனுக்கு டவர் கிடைக்கும். பங்குனியில் அதே பாறையில்தான் புளியைக் காய வைத்துக் கொட்டை எடுப்பார்கள். அதனால் தேவயானி படித்த ஆங்கிலமெல்லாம் புளி தட்டும் சத்தத்துக்கு நடுவில் படித்ததுதான்.

திருப்பத்தூரில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஆனந்தன், தினமும் சில வாக்கியங்கள் பேசி அனுப்பச் சொல்லியிருந்தார். எல்லாம் நடந்து முடிந்தவையாக இருக்க வேண்டும். எல்லாம் 'எஸ்டர்டே' என்று தொடங்க வேண்டும். நேற்று புளி தட்டினேன் என்பதை எப்படிச் சொல்வது என்று அவள் கேட்டதற்கு, அவர் சற்று யோசித்துவிட்டு, "கடைக்குப் போனேன்னே சொல்லும்மா" என்றார். அப்படியே சொன்னாள்.

பக்கத்தில் கல்லில் புளியை வைத்துத் தட்டிக்கொண்டிருக்கும் அம்மா கன்னியம்மாளுக்கு ஒரு சொல் மட்டும் பிடிபட்டுவிட்டது. "நேத்தும் ஷாப்புக்கா போன? எங்கூடத்தான இருந்த. எப்படி போன, பறந்தா?" என்று கேலி செய்வாள்.

மறக்க முடியாத நாள் ஒன்றைப் பற்றிப் பேசச் சொன்னபோது, தேவயானி அப்பா போன நாளைச் சொன்னாள். அவள் ஏழாவது படிக்கும்போது அப்பா அருணகிரி கேரளாவுக்கு மிளகு பறிக்கப் போனார். அவளும் ரோடு வரை கூடவே நடந்தாள். பஸ் வரவில்லை. கடையில் ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்றார். பஸ் வந்தது, ஏறினார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. வயநாட்டில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவரே பிறகு அது வேறு ஆள் என்றார்.

ஆனந்தன் தப்பான வினைச்சொற்களையெல்லாம் பொறுமையாகத் திருத்திக் கொடுத்தார். திருத்தி முடித்துவிட்டு, "இது வேணாம்மா. கேக்கறவங்களுக்கு ஒரு சந்தோஷம் வரணும்" என்று சைக்கிள் கதையைக் கொடுத்தார். பத்தாவது பிறந்தநாள், அப்பா வாங்கித் தந்த சைக்கிள். வகுப்பில் எல்லோருக்கும் அதே கதைதான். ராஜேஷுக்குக் கறுப்பு, கவியாவுக்கு ஊதா, தேவயானிக்குச் சிவப்பு.

பெங்களூரில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசை வேலைக்கு, பேசிப் பதிவுசெய்து அனுப்பும் முதல் சுற்றில் சிவப்பு சைக்கிள் தேறிவிட்டது. கொட்டை எடுக்கும் கூலியைத் தவிர அவளுக்கு இருந்த ஒரே வழி இந்த வேலைதான். வேலை கிடைக்காவிட்டால் சித்திரைக்குள் கல்யாணம் என்று மாமா சுப்பிரமணி மாப்பிள்ளை வரைக்கும் பார்த்து வைத்திருந்தார்.

இரண்டாவது சுற்றுக்கு ஓட்டலிலிருந்து ஒரு மேடம் போன் செய்தார். கன்னியம்மாள் தட்டுவதை நிறுத்திவிட்டு, கைக்கட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

மேடத்தின் ஆங்கிலம் மெதுவாக, இதமாக இருந்தது. உன் சைக்கிள் கதை எனக்குப் பிடித்தது, எனக்கும் என் அப்பா வாங்கித் தந்தார் என்றார். உனக்கு ஓட்டக் கற்றுக் கொடுத்தது உன் அப்பாதானா என்று கேட்டார்.

இதற்குப் பதில் ஆனந்தன் சொல்லிக் கொடுத்ததில் இல்லை. தேவயானி வாயைத் திறந்தாள். அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வந்தார் என்றாள். நான் விழுந்தேன், அவர் சிரித்தார், தூக்கிவிட்டார். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. இத்தனை நாளில் இப்படி ஆங்கிலம் வந்ததே இல்லை. சைக்கிள் இப்போதும் இருக்கிறதா என்று மேடம் கேட்டார். பழகிய நாக்கு தானாகவே புரண்டது: "எஸ்டர்டே மை ஃபாதர் வாஷ்ட் இட்."

மேடம் சிரித்தார். உன்னை எடுத்துக்கொள்கிறோம் என்றார். இரவு ஷிஃப்ட் உண்டு என்பதால் பெண்களின் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது வழக்கம். உன் அப்பாவிடம் போனைக் கொடு என்றார்.

அம்மா இருக்கிறாள் என்றாள் தேவயானி. அம்மாக்கள் சரி என்பார்கள், பிறகு அப்பாக்கள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், எங்களுக்கு இது நடந்திருக்கிறது என்றார் மேடம்.

தேவயானி போனை உள்ளங்கையால் மூடினாள்.

"இன்னாடி?" என்றாள் கன்னியம்மாள்.

"வேலை குடுக்கறாங்க. அப்பாகிட்ட பேசணுமாம்."

"இல்லன்னு சொல்லேன்."

"நேத்து சைக்கிள் கழுவினார்னு சொல்லிட்டேம்மா."

"எந்த சைக்கிளு? அவருக்கு சைக்கிளே வுடத் தெரியாதேடி."

போனுக்குள் மேடம் ஹலோ என்றார். கன்னியம்மாள் கையில் ஒட்டியிருந்த புளியை முந்தானையில் துடைத்தாள். போனை அவளே வாங்கிப் பேசப்போவதுபோல் இருந்தது. பிறகு, கேட்கிறவர்களுக்கெல்லாம் இத்தனை வருஷமாகச் சொல்லிவந்ததையே மகளுக்கும் சொன்னாள்: "வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு. காத்தாலதான் போனாருன்னு சொல்லு."

தேவயானி சொன்னாள். இன்று காலை அப்பா கேரளாவுக்குப் போனார். நானும் ரோடு வரை கூடவே நடந்தேன். பஸ் வரவில்லை, காத்திருந்தோம். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். பஸ் வந்தது, ஏறினார். ஆனந்தன் திருத்திக் கொடுத்த வாக்கியங்கள்தான். ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து நின்றது.

அவருடைய நம்பர் கேட்டார் மேடம். எஸ்டேட்டில் டவர் கிடைக்காது என்றாள். எப்போது திரும்புவார்? திருவிழாவுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படியென்றால் அவசரமில்லை என்றார் மேடம். அவர் வந்ததும் கூப்பிடு, அவரிடம் பேசிவிட்டு வேலைக்கான ஆர்டர் அனுப்புகிறேன், உன் இடம் அதுவரை உனக்குத்தான். உன் ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்லிவிட்டு வைத்தார்.

"இன்னா சொன்னா அந்தம்மா?"

"அப்பா வரட்டுமாம். வந்து பேசினாத்தான் ஆர்டராம்."

கீழே ரோட்டில் போளூர் பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டது. இருவருமே அந்தப் பக்கம் பார்த்தார்கள்.

போன் ஒருமுறை அதிர்ந்தது. மேடத்திடமிருந்து மெசேஜ்.

"இன்னாவாம்?"

"திருவிழா என்னைக்குன்னு கேக்கறாங்க. குறிச்சி வச்சிக்கணுமாம்."

கன்னியம்மாள் ஒரு புளியை எடுத்துக் கல்லில் வைத்தாள். கட்டையைத் தூக்கினாள், தட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.