சொல்வதெழுதுதல்

மேட்டூரில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த செங்கோடனுக்கு நாற்பத்தோரு வயதில் இடுப்பு விட்டுப்போனது. கேட் வாட்ச்மேன் வேலை தருகிறோம், ஆனால் உள்ளே வருகிற ஆளின் பேரையும் ஊரையும் கேட்டு நோட்டில் எழுதத் தெரியவேண்டும் என்றார்கள். எண்பத்தோராம் வருஷம் ஆடியில், தங்கசாமி சாயங்காலம் நடத்திவந்த முதியோர் வகுப்பில் வந்து உட்கார்ந்தான்.

தங்கசாமி அதே கம்பெனியில், ஆட்கள் வந்துபோகிற நேரத்தைக் குறித்துவைக்கும் டைம் ஆபீஸ் கிளார்க். இப்படி ஓர் ஆளை அவர் பார்த்ததில்லை. மூன்று மாதத்தில் எல்லா எழுத்தும் அச்சடித்ததுபோல வந்துவிட்டது. போர்டைப் பார்த்து ஒரு புள்ளி தப்பாமல் எழுதுவான். வாயால் சொன்னால் மட்டும் 'கத்தி' 'கட்டி' ஆகும், 'பாட்டு' 'பாடு' ஆகும். தங்கசாமி குரலை உயர்த்தினார். இன்னும் உயர்த்தினார்.

"சத்தம் நல்லாக் கேக்குதுங்க சார்," என்றான் செங்கோடன் தலை குனிந்துகொண்டு. "எது எதுன்னுதான் பிரிய மாட்டேங்குது."

டாக்டரிடம் கூட்டிப்போனார். காதில் ஒரு கோளாறும் இல்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார் டாக்டர். அதுவே வினையானது. காது நன்றாக இருக்கிறவன் எழுதவில்லை என்றால் சோம்பேறித்தனம்தானே என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள்.

தங்கசாமி விடவில்லை. தன் உதட்டைப் பார்க்கச் சொன்னார். தன் தொண்டையில் விரல் வைத்து அதிர்வைப் பார்க்கச் சொன்னார். தை வரைக்கும் அப்படியே போனது. பத்துக்கு நாலு சரியாக வந்த அன்று செங்கோடன் முதல்முறையாகச் சிரித்தான்.

பரீட்சை வைத்த ஆபீசர் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பேரையும் ஊரையும் வாசித்துச் சொன்னார். 'முத்தான்' 'முட்டான்' ஆனான். 'எருமப்பட்டி' 'எருமப்படி' ஆனது. பத்தில் ஒன்றுதான் சரி.

"உங்க வாயப் பாத்துக்கிட்டு இன்னொருக்கா எழுதட்டுங்க சார்," என்றார் தங்கசாமி.

"வர்ற லாரிக்காரன் வாயக் காட்டிட்டு நிப்பானா?"

வேலை வேறொருவனுக்குப் போனது. செங்கோடன் அந்த இடுப்போடு மறுபடி மூட்டைக்கே போனான். வகுப்புக்கு வரவில்லை. ஒரு வாரம் பொறுத்துவிட்டு, தங்கசாமி அவனைக் குடோன் வாசலில் பிடித்தார்.

"ஏப்பா, இன்னொரு ஆறு மாசம் பாக்கலாம். வா."

"வேண்டாங்க சார். நான் வந்தா நீங்களும் சேந்து வெசனப்படறீங்க."

முடியும் என்று சொல்ல வாயெடுத்தார் தங்கசாமி. அந்த நம்பிக்கை அவருக்கே இல்லை. செங்கோடன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லோடு வந்துவிட்டது என்று உள்ளே போனான்.