நீலப் புகை

வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் கொட்டகைக்கு மேலே புகை நீலமாகப் போவதைத் தேசப்பன் வரப்பில் வரும்போதே பார்த்துவிட்டான். கறுப்பாக இருந்தால் டீசல் சரியாக எரியவில்லை என்று விட்டுவிடலாம். நீலமென்றால் இஞ்சின் ஆயிலே எரிகிறது. போன ஆடியில் அவன் கையாலேயே பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டிருந்தான். ஊர் இஞ்சினையெல்லாம் சரிபண்ணுகிறவனுக்குச் சொந்த வீட்டு இஞ்சின் புகைந்தால் மானம் போகாதா?

அவனுக்கு மீஞ்சூரில் லேத் பட்டறையில் வேலை. அப்பாவும் மனைவியும் இருக்கிற திருவாலங்காட்டு வீட்டுக்கு ரயில் மாறி வர வேண்டும். ஞாயிறு வந்தால் ஓவர்டைம், ஓவர்டைம் இல்லையென்றால் அலுப்பு. கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் கங்கம்மா அவனோடு சேர்ந்தாற்போல் ஒரு வாரம் இருந்ததில்லை. இஞ்சின் படுத்துக்கொண்டு அவன் அப்பா கார்டு போட்டால் மட்டும் ஐயா மறுநாளே வந்து நிற்பார். இந்த முறையும் அப்படித்தான். கதிர் பால் பிடிக்கிற நேரம், ஆயில் ஊற்றி மாளவில்லை, உடனே வா என்று கிழவர் எழுதியிருந்தார்.

சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு வேலையில் இறங்கினான். ஆயில் அளவு பார்க்கிற குச்சியை உருவிக்கூடப் பார்க்கவில்லை. ஊற்றுகிறவள் கங்கம்மா. சொல்லிக்கொடுத்தவன் அவன். குச்சியில் இருக்கிற கோட்டை அவள் தாண்டவே மாட்டாள் என்று அத்தனை நம்பிக்கை. ஹெட்டைக் கழற்றினான். வால்வு நன்றாக இருந்தது, சிலிண்டரில் ஒரு கீறல் இல்லை. பிஸ்டனை உருவித்தான் பார்க்க வேண்டும் என்று அடியில் பேசின் வைத்து ஆயிலை வடித்தான். பேசின் நிரம்பியது. ஆயில் நிற்கவில்லை. விளிம்பைத் தாண்டி மண்ணில் ஓடியது.

அளவுக்கு மேல் ஊற்றினால் சுற்றுகிற ராடு ஆயிலை அடித்து மேலே ஏற்றும். ஏறியது எரியத்தான் செய்யும். ரிங்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவன் நிமிர்ந்து பார்த்தபோது கங்கம்மா கந்தல் துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"கோடு தெரியலயா ஒனக்கு?"

"தெரிஞ்சிதான் ஊத்தனேன்."

அவன் ஸ்பானரைக் கீழே வைத்தான். அவளே மேலும் சொன்னாள்.

"இஞ்சினு கெட்டா வர்ற மாமா. நான் இன்னா ஆனா வருவ?"

சொன்ன பிறகு அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிட, அவன் கையைப் பிடித்துக்கொள்ள ஆசையாக இருந்தது, ஆயில் கையானாலும் சரி. அவன் துணியை வாங்கி விரல் விரலாகத் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு ஹெட்டைப் பூட்டி, ஆயிலைக் கோடு வரைக்கும் ஊற்றி, ஹாண்டில் போட்டுச் சுற்றினான். இஞ்சின் பிடித்துக்கொண்டது. புகை இன்னும் நீலமாகத்தான் வந்தது. வாய்க்காலில் இருந்த கிழவர் மண்வெட்டியோடு ஓடிவந்தார்.

"இன்னாடா, இன்னமும் பொகையுது?"

தேசப்பன் கங்கம்மாவைப் பார்க்காமலே சொன்னான். "சைலன்சர்ல ஆயில் தங்கிக்கினு கீது நைனா. எரிஞ்சி தீரணும். தீர்ற வரைக்கும் இருந்துட்டுதான் போவேன்."

கிழவர் மடை திருப்பப் போய்விட்டார். கங்கம்மா தண்ணீர் விழுகிற தொட்டி விளிம்பில் அவன் பக்கத்தில் தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தாள். அவன் நகரவில்லை. இருவரும் புகையையே பார்த்தார்கள். இன்னும் அரைப் படி ஊற்றியிருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கொட்டகைக்கு மேலே நீலம் அதற்குள் வெளுக்கத் தொடங்கியிருந்தது.