முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மார்லிஸ்

நூலகத்துக்கு எழுத்தாளரை வரவழைப்பவர் முதலில் கற்க வேண்டியது நாற்காலி போடுவதைத்தான். நாற்பது பேர் வருவார்கள் என்று தோன்றினால் இருபத்தைந்து நாற்காலி போட வேண்டும். மீதியைப் பின்னறையில் அடுக்கி வைத்துவிட்டு, ஆள் சேரச் சேர, “அடடா, இடம் பத்தலையே” என்று முனகிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தூக்கி வர வேண்டும். வந்த எழுத்தாளருக்கும் சந்தோஷம், படம் எடுக்கிறவருக்கும் சந்தோஷம். லிண்டர் ஊர் நூலகத்தில் இருபத்தாறு வருஷமாகப் பதின்வயதுப் பிள்ளைகளின் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு இந்த வித்தை அத்துப்படி. போன வருஷம் ஓர் எழுத்தாளருக்குப் பதினொரு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் குளிருக்கு ஒதுங்கியவர்கள்.

கிரேவன் நூலகத்து மார்லிஸுக்கு இந்த வித்தையெல்லாம் தேவையே இல்லை. எங்களுக்குப் பன்னிரண்டு மைல் மேற்கே, ஏரிக்கரையில், பணக்காரர்களின் ஊர் அது. அவளுடைய கூடத்தில் முந்நூறு இருக்கைகள், கணப்பு, சின்னதாக ஒரு காபிக்கடை வேறு. பதிப்பகத்தார் எந்த எழுத்தாளரை மிச்சிகன் பக்கம் அனுப்பினாலும் நேரே அவளிடம்தான் அனுப்புவார்கள். நானும் அவளும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். மாவட்டக் கூட்டங்களில் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துப் பேசுவோம். உள்ளே எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஆனால் டெஸ்ஸா வீர்ஸ்மா என் ஊர்ப் பெண். பதினொரு வயதிலிருந்து, பள்ளி விட்டதும் மூன்றரை மணிக்கு என் பகுதிக்கு வந்துவிடுவாள். ஹீட்டர் பக்கத்துத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அம்மா ரூத் வேலை முடிந்து காரில் வந்து கூப்பிடும்வரை படிப்பாள். இதைப் படி, அடுத்து இதைப் படி என்று மூன்று வருஷம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு வயதில் வருவதை நிறுத்திவிட்டாள். வாலிபால் குழுவில் சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு அவள் எழுதிய முதல் நாவல் நாடு முழுக்க விற்கிறது. “எங்கள் நூலகத்துத் தரையில் வளர்ந்தவள்” என்று, அவளை இங்கே அனுப்பச் சொல்லிப் பதிப்பகத்துக்கு நான்கு பக்கம் எழுதினேன். கேட்டது கிடைத்தது. அன்றே மார்லிஸுக்குப் போன் போட்டேன்.

“லிண்டருக்கா வரா?” என்றாள்.

“ஆமா, லிண்டருக்குத்தான். ஏன், எங்க ஊருக்கு ரோடு இல்லையா?”

“கோவிச்சுக்காதடி. நாற்காலி பத்தலைன்னா சொல்லு. எங்ககிட்ட கிடக்கு.”

“உன் நாற்காலி உன்கிட்டயே கிடக்கட்டும்” என்று சிரித்துக்கொண்டே வைத்தேன். அந்தச் சந்தோஷம் சரியாக ஒன்பது நாள் இருந்தது.

பத்தாம் நாள் புத்தகம் வந்து சேர்ந்தது. நூலகர்கள் எல்லோருக்கும் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதையை விட்டுவிட்டுக் கடைசியில் இருக்கும் நன்றிப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவோம், நம்மைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க. முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அவளுடைய நாய்க்கு நன்றி இருந்தது. சிகாகோவில் ஒரு காபிக்கடைக்கு நன்றி இருந்தது. அதற்குக் கீழே: “கிரேவன் நூலகத்து மார்லிஸுக்கு. கேட்டதைக் கொடுத்தீர்கள், ஏன் என்று கேட்கவில்லை.” என் பெயர் இல்லை. முன்னே பின்னே மூன்று முறை தேடினேன், எங்கும் இல்லை.

மூன்று வருஷம் ஊட்டி வளர்த்தவள் நான். நோகாமல் நொங்கு தின்றவள் மார்லிஸ். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கிடங்கில் இறங்கிப் பழைய பெட்டிகளைக் குடைந்தேன்.

கோடை விடுமுறையில் எங்கள் நூலகத்தில் வாசிப்புப் போட்டி நடக்கும். எடுத்துப்போகும் புத்தகத்தின் பெயரைப் பிள்ளைகள் ஒரு நீளமான தாளில் எழுதுவார்கள், நான் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு நட்சத்திர முத்திரை குத்துவேன். டெஸ்ஸாவின் கடைசிக் கோடைத் தாள் கிடைத்தது. நாற்பத்தொரு புத்தகம். நாற்பத்தொன்றுக்கும் பக்கத்தில் என் கையெழுத்து. எழுத்தாளரை அறிமுகப்படுத்தி மூன்று நிமிஷம் பேசுவது கூட்டம் நடத்தும் நூலகரின் உரிமை. அந்த மூன்று நிமிஷத்தில் இந்தத் தாளைத் திரையில் பெரிதாகக் காட்டிவிடுவது என்று முடிவுசெய்தேன். மார்லிஸும் வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு முன்வரிசையில் இடம் போட்டு அழைப்பும் அனுப்பினேன்.

யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள் என்பதை எவரிடமும் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் சத்தியம். போலீஸே வந்தாலும் நீதிமன்ற உத்தரவு இருக்கிறதா என்று கேட்போம். புத்தகம் திரும்பி வந்ததும் எடுத்தவர் பெயர் கணினியிலிருந்து அழிந்துவிடும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். ஆனால் இது வெறும் போட்டித் தாள்தானே, கடன் பதிவு இல்லையே என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். பொறாமைக்காரிக்கு வக்கீல் வெளியே தேட வேண்டியதில்லை.

அக்டோபர் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, மாலை ஆறரைக்குக் கூட்டம். அறுபது நாற்காலி போட்டு நாற்பதைப் பின்னறையில் வைத்திருந்தேன். ஆறு மணிக்கே அறுபதும் நிரம்பிவிட்டது. ஆறு ஐந்துக்குப் பின்னறை நாற்காலிகளும் தீர்ந்தன. இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக ‘இடம் பத்தலையே’ என்று உண்மையாகவே முனகினேன். அப்போது மார்லிஸ் ஒரு கையில் பாதாம் ரொட்டித் தட்டும் இன்னொரு கையில் மடக்கு நாற்காலியுமாக உள்ளே வந்தாள்.

“வேன்ல இன்னும் முப்பது இருக்குடி. எதுக்கும் இருக்கட்டும்னு போட்டுட்டு வந்தேன். திட்டாத.”

திட்டவில்லை. அவள் நல்லவளாக இருப்பதும் சேர்ந்து எரிந்தது.

டெஸ்ஸா வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள், நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். மார்லிஸைக் கண்டதும் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். பிறகு என்னிடம் வந்து கையை நீட்டினாள்.

“நல்லா இருக்கீங்களா மிஸஸ் டைக்ஸ்ட்ரா?”

வங்கி மேலாளரிடம் பேசும் குரல். அவள் அம்மா ரூத் முன்வரிசையில் மார்லிஸின் இடத்துக்கு அடுத்த நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

வேனிலிருந்து நாற்காலிகளை இறக்கப் போனபோது, பின்வாசலில் மார்லிஸை நிறுத்திக் கேட்டேவிட்டேன்.

“அப்படி என்ன புத்தகம்டி கொடுத்த அவளுக்கு?”

“கேட்டா, கொடுத்தேன்.”

“அதான், எது?”

“லோர்னா, அதைச் சொல்ல முடியாது.”

“பன்னெண்டு வருஷம் ஆச்சுடி!”

“நூறு வருஷம் ஆனாலும்தான். நீயும் இதே வேலைதானே பாக்கற?”

“எங்க அலமாரில இல்லாத புத்தகமா? நாற்பத்தொரு புத்தகம் கொடுத்தவ நான் இங்க இருக்கேன். பன்னெண்டு மைல் தாண்டி உன்கிட்ட எதுக்கு வரணும்?”

மார்லிஸ் நாற்காலியைக் கீழே வைத்தாள். “எதுக்குன்னு நான் கேக்கல. நவம்பர் மாசம், சைக்கிள்ல வந்தா. விரலெல்லாம் விறைச்சுப் போயிருந்துச்சு, கணப்புக்கிட்ட உக்கார வச்சேன். இதுக்கு மேல என் வாயைக் கிண்டாத.” நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நவம்பரில் எங்கள் பக்கம் ஏரிக்காற்று எலும்பைத் துளைக்கும். என் அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்காக ஒரு பதினான்கு வயதுப் பெண் அந்தக் காற்றில் ஏன் மிதித்துப் போனாள்? சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்தேன். மற்ற பெயர்களையெல்லாம் தடித்த எழுத்தில் எழுதியிருந்தவள், நாற்பத்தொன்றாவதை மட்டும் பொடிப்பொடியாக, பென்சிலில் எழுதியிருந்தாள். பக்கத்தில் என் கையெழுத்தும் நட்சத்திரமும் மட்டும் பெரிதாக இருந்தன.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சர்ச் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். “எந்நேரமும் படிக்கிறாளே, அப்படி என்னதான் படிக்கிறா?” என்று ரூத் கேட்டாள். பெற்றவளை விட அந்தப் பெண்ணை எனக்குத்தான் அதிகம் தெரியும் என்ற பெருமை எனக்கு. “உன் பொண்ணு இப்ப எதை எடுத்துட்டுப் போயிருக்கா தெரியுமா?” என்று சிரித்துக்கொண்டே பெயரைச் சொன்னேன். அது என்ன மாதிரிப் புத்தகம் என்றும் சொன்னேன். ரூத்தின் கோப்பை பாதி வழியில் நின்றது. மறுநாள் காலை, நூலக வாசலில் புத்தகம் திருப்பிப் போடும் பெட்டியில் அந்தப் புத்தகம் கிடந்தது, மளிகைக் கடைப் பைக்குள், குப்பையைக் கட்டுவது போல முடிச்சுப் போட்டு. அதற்குப் பிறகு டெஸ்ஸா வரவில்லை. வாலிபால் என்று நினைத்துக்கொண்டது நான்தான்.

அது என்ன புத்தகம் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருஷம் தாமதம்தான்.

ஆறு இருபத்தெட்டு. மடிக்கணினி திரையோடு இணைந்திருந்தது. முதல் படம் புத்தக அட்டை, அடுத்தது அந்தத் தாள். நூற்றுமுப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள், ரூத் முன்வரிசையில். எதை அழுத்தினால் அழியும் என்று தெரியாமல், கம்பியைப் பிடுங்கியே விட்டேன். திரை நீலமாகிவிட்டது. ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றேன்.

“டெஸ்ஸா வீர்ஸ்மா. இந்த ஊர்ப் பொண்ணு. அவங்க புத்தகம் நல்லா இருக்கு, எல்லாரும் படிங்க” என்றேன். மூன்று நிமிஷத்துக்காக மூன்று வாரம் எழுதிய பேச்சு பத்து விநாடியில் முடிந்தது. மார்லிஸ்தான் முதலில் கை தட்டினாள்.

டெஸ்ஸா நன்றாகப் பேசினாள். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முடிந்ததும் கையெழுத்து வரிசை சுவரோரமாக வாசல்வரை நின்றது. அவரவர் பெயரை மஞ்சள் ஒட்டுச்சீட்டில் எழுதிப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருப்பார்கள். எழுத்தாளருக்குப் பக்கத்தில் நின்று சரியான பக்கத்தைத் திறந்து நீட்டுவது என் வேலை. பாதி வரிசையில் ரூத் என் தோளருகே வந்து நின்றாள்.

“லோர்னா, உனக்குத்தான் தெரியும். சின்ன வயசுல இவ இங்க என்னென்ன படிச்சா? என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறா. அப்பல்லாம் நீ சொல்லுவியே.”

டெஸ்ஸாவின் பேனா பாதி எழுத்தில் நின்றது. தலை நிமிரவில்லை.

“எனக்குத் தெரியாது ரூத்.”

“சும்மா சொல்லாத. உனக்குத் தெரியாம அவ ஒரு புத்தகம் எடுத்திருப்பாளா?”

“தெரிஞ்சாலும் சொல்லக் கூடாது. அப்பவும் சொல்லியிருக்கக் கூடாது. வேணும்னா அவகிட்டயே கேளு.”

ரூத் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உதட்டைச் சுழித்துக்கொண்டு பாதாம் ரொட்டிப் பக்கம் போனாள். பேனா மறுபடி ஓடியது.

வரிசை தீர்ந்தபின் என் பிரதியை நீட்டினேன். உள்ளே அந்தத் தாளை மடித்து வைத்திருந்தேன். டெஸ்ஸா பிரித்தாள். கண் நேரே கடைசி வரிக்குப் போனதைப் பார்த்தேன்.

“இதை இன்னும் வச்சிருந்தீங்களா?”

“ஆமா. வச்சிருந்திருக்கக் கூடாது. ரூத்கிட்டச் சொன்னதும் தப்பு. மன்னிச்சிடும்மா.”

“தப்புதான்” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தாளை எட்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். பிறகு என் புத்தகத்தில் எழுதி மூடிக் கொடுத்தாள். போகும்போது ஹீட்டர் பக்கத்துத் தரையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் திறந்து பார்த்தேன். “லோர்னாவுக்கு, டெஸ்ஸா.” வேறொன்றும் இல்லை.

மார்லிஸ் தன் நாற்காலிகளை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய பிரதி என் மேஜைமேல் கிடந்தது. திறந்தேன். அட்டையின் உட்பக்கம் முழுக்க டெஸ்ஸாவின் கையெழுத்து. பிறத்தியாருக்கு எழுதியதைப் படிக்கக் கூடாது என்று கண்ணை மங்கலாக்கிக்கொண்டேன். சத்தியமாக ஒரு சொல்கூடப் படிக்கவில்லை. எத்தனை வரி என்று மட்டும் எண்ணினேன். ஒன்பது.