குண்டன் தின்ற இரண்டு பிஸ்கட்

என் கணவர் நாய் வளர்த்ததில்லை. நான் விடவில்லை. முடி உதிரும், சோபா நாறும் என்று பதினெட்டு வருடம் ஒரே பாட்டைப் பாடினேன். மனிதர் சண்டைக்கு வராமல் வேறு வழி பிடித்தார். வருடக் கடைசி விடுமுறைக்கு எங்கள் கட்டடத்து நாய்கள் ஆறுக்கும் தன் கையால் பிஸ்கட் சுட்டு, ரிப்பன் கட்டி, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். என் பிறந்தநாளை மறந்த ஆள் நாய்களை மட்டும் ஒரு வருடம்கூட மறந்ததில்லை.

அவர் போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. எனக்கு அழுகையே வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி இருந்தேன். கிள்ளினால் வேறு யாரையோ கிள்ளுவது போலிருக்கும். துக்கம் விசாரிக்க வந்த நாத்தனார் என் முகத்தை உற்று உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள். பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

விடுமுறைக்கு முந்தின நாள் காலையில் மாவு பிசைந்தேன். கை சும்மா இருந்தது, அவ்வளவுதான். கோதுமை மாவு, ஓட்ஸ், ஒரு முட்டை, பீநட் பட்டர். அவர் பாதி தின்று வைத்த பாட்டில் ஃப்ரிட்ஜில் கிடந்தது. வீணாக்குவானேன் என்று அதை வழித்துப் போட்டேன். எலும்பு வடிவ அச்சில் வெட்டி ஓவனில் வைத்தேன். வீடெல்லாம் வாசனை வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஆறு பொட்டலத்தையும் கொடுத்துவிட்டு வந்து காலி பாட்டிலைக் கழுவும்போதுதான் லேபிளைப் படித்தேன். சர்க்கரை நோயாளிகளுக்கானது. சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் என்று போட்டிருந்தது. நாய்களுக்கென்று அவர் தனியாக ஒரு பாட்டில் வாங்குவார். "இது என்னுது. நாய் தின்னா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப நீங்க தின்னா மட்டும் ஒண்ணும் ஆகாதாக்கும்" என்று நக்கலடித்தவள் நான்.

கை ஓடவில்லை, கால் ஓடவில்லை என்பார்கள். எனக்கு இரண்டும் நன்றாகவே ஓடின. ஈரக்கையோடு படியிறங்கினேன். ஐந்து வீட்டில் ரிப்பனைக்கூட அவிழ்க்கவில்லை. "தப்பா செஞ்சுட்டேன், குடுங்க" என்று பிடுங்காத குறையாக வாங்கினேன்.

ஆறாவது வீடு பஸ் டிரைவருடையது. அவருடைய நாயைக் கட்டடமே குண்டன் என்றுதான் கூப்பிடும். வாசலில் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. மூக்கெல்லாம் பிஸ்கட் தூள்.

"ரெண்டு குடுத்தேங்க்கா. மெல்லக்கூட இல்ல, அப்படியே முழுங்கிட்டான். அண்ணன் கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கு போல."

"தம்பி, அதுல நாய்க்கு ஆகாதது கலந்துடுச்சு. வண்டிய எடுங்க."

அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். சாவியைத்தான் எடுத்தார்.

கிளினிக்கில் டாக்டரம்மா ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். "முக்காவாசி வந்துடுச்சு. மிச்சம் உள்ள போயிருந்தா சுகர் இறங்கும். சாயங்காலம் வரைக்கும் வச்சுப் பாக்கணும்" என்றார். டிரைவருக்கு ஷிஃப்ட் இருந்தது. விடுமுறைக் கூட்டத்தில் லீவு கிடைக்காது. "நீங்க போங்க தம்பி, நான் இருக்கேன்" என்றேன்.

அரை மணி கழித்து டாக்டரம்மா குண்டனின் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தை மெஷினில் வைத்தார். ஐம்பத்தி நாலு. உடனே டிரிப் ஏற்றினார்கள்.

எங்கள் வீட்டிலும் அதே மெஷின்தான். ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு நாள் அவர் இன்சுலின் போட்டுக்கொண்டு, பசியில்லை என்று சாப்பிடாமல் படுத்துவிட்டார். எழுப்பி விரலில் குத்திப் பார்ப்போமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். அசந்து தூங்குகிறார், கிடக்கட்டும் என்று டிவி முன்னால் போய் உட்கார்ந்தேன். சீரியல் முடிந்து எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. இதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மணிக்கொரு தடவை காதில் குத்தினார்கள். அறுபத்திரண்டு. எண்பத்தொன்று. ஐந்து மணிக்குத் தொண்ணூற்றேழு.

"தேறிட்டான்மா. நாளைக்கு ஒரு தடவ ரத்தம் மட்டும் பாத்துக்கலாம். டிரைவர் வந்ததும் கூட்டிட்டுப் போகட்டும்."

குண்டன் கண்ணை மூடிக் கிடந்தது.

"இன்னொரு தடவ பாருங்க டாக்டர்."

"இப்பதானேம்மா பாத்தேன். அசந்து தூங்குறான். தூங்கட்டுமே."

"தூங்குறான்னு விட்டுடாதீங்க" என்றேன். குண்டனின் காதைப் பிடித்துக்கொண்டு, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஓவென்று அழுதேன். ஐந்து வாரத்து அழுகை.

டாக்டரம்மா காதில் குத்தப் புது ஊசி ஒன்றை எடுத்துப் பிரித்தார்.